யாளி விழுங்கிய மாப்பிள்ளை

சித்திரை 9

மகளின் கல்யாணத்துக்கு நகை எடுத்ததற்காகக் கடைக்காரர்கள் மனமிரங்கிக் கொடுத்த இலவச டைரி இது. ஆண்டில் கால்வாசி ஓடிய பிறகு டைரி கொடுக்கும் தாராளம் நகைக்கடைக்காரர்களுக்கே வரும். பக்கத்துக்குப் பக்கம் ஒட்டியாணம் போட்ட ஒரு பெண் சிரிக்கிறாள். பிற்காலத்தில் என் வாழ்க்கை வரலாற்றை எழுத வருகிறவர்கள் அவளையும் பார்த்துவிட்டுப் போகட்டும். அச்சடித்த ஆங்கிலத் தேதியை அடித்துவிட்டுத் தமிழ்த் தேதி போடுகிறேன். அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலத் தேதிதான். இங்காவது நான் வைத்தது சட்டம்.

அந்த வரலாற்று ஆசிரியர்களுக்காகச் சில குறிப்புகள். பெயர் கனகவேல். ஊர் பாளையங்கோட்டை. நில அளவை அலுவலகத்தில் வரைவாளர். அதாவது, பக்கத்து வயல்காரன் வரப்பை வெட்டிவிட்டான் என்று அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு, எது யாருடைய வரப்பு என்று கோடு போட்டுக் காட்டுகிறவன். விடிந்ததிலிருந்து குளிக்கப் போகும்வரை மட்டும் என் பெயர் நிழற்கோன். வெண்கோடு என்ற நாட்டைப் படைத்தவன். அங்கே கோயில் தூண்களில் இருந்த யாளிகள் உயிர்பெற்று மலையில் திரிகின்றன. முகிலரசி என்று ஓர் இளவரசி இருக்கிறாள். ஒவ்வொரு வயலுக்கும் புல எண், அதாவது சர்வே நம்பர், இருக்கிறது. யாளியின் குகை அரசுப் புறம்போக்கு. மாயாஜாலக் கதைக்குப் புல எண் கொடுத்தவர் உலகத்திலேயே வேறு யாரும் இல்லை என்று செண்பகத்திடம் சொன்னேன். செண்பகம் என் மனைவி. "யாரும் செய்யலன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்லா" என்றாள்.

நான் சுதந்திர எழுத்தாளன். முன்பு சென்னைப் பதிப்பாளர் ஒருவர் முதல் பாகத்தைப் படித்துவிட்டு, புல எண்களை எடுத்துவிட்டால் யோசிக்கலாம் என்று சொல்லியனுப்பினார். ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடவிட மாட்டேன் என்று பதில் போட்டேன். அவரும் தொடவில்லை. அன்றிலிருந்து நானே எழுதி, நானே மெய்ப்புப் பார்த்து, நானே அச்சடித்து, நானே கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். யாருடைய தயவும் எனக்குத் தேவையில்லை. வாசகர்களுடைய தயவு உட்பட.

சித்திரை 14

மூன்றாம் பாகம் நகரவில்லை. எழுத மனமில்லாமல் அல்ல. மேசை முழுக்கக் கல்யாணப் பத்திரிகைகள்.

சித்திரை 20

செண்பகம் ரவிக்கை தைக்கிறவள். வீட்டிலேயே தையல் மெஷின். இரண்டாம் பாகத்துப் புத்தகக் கட்டுகளை அடுக்கி, மேலே ஒரு மெத்தையைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துதான் தைக்கிறாள். என் எழுத்துகளைப் படித்ததில்லை என்றாலும் அவற்றோடு அவளுக்கு இருக்கும் நெருக்கம் வேறு யாருக்கும் இல்லை.

இன்று மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "ஏங்க, கல்யாணத்துக்குச் சொந்தக்காரவுக வந்து தங்கணும். இந்தக் கட்டையெல்லாம் எங்க கொண்டு வைக்க?"

அப்போதுதான் அந்த யோசனை பளிச்சென்று வந்தது.

"தாம்பூலப் பையில ஆளுக்கு ஒண்ணு போட்டுருவோம்" என்றேன்.

"புத்தகத்தையா?"

"தேங்காயோட புத்தகம். வாரவுக வீட்டுக்குக் கொஞ்சம் அறிவும் சேர்ந்து போவட்டுமே."

"எத்தனை கட்டு போவும்?"

"எல்லாம் போயிரும்."

"அப்பச் சரி" என்றாள். இலக்கிய ஆர்வத்தில் சொன்னதாக எடுத்துக்கொள்கிறேன்.

எந்தப் பாகம் என்பதில் குழப்பமே இல்லை. முதல் பாகத்தை வாங்கிய யாரும் இரண்டாம் பாகம் பக்கம் எட்டிப் பார்க்காததால் கையிருப்பில் இரண்டாம் பாகமே அதிகம். பொருத்தமும் பிரமாதம். அதன் முதல் அத்தியாயமே ஒரு கல்யாணக் காட்சி. "அப்ப மங்களகரமாத்தான் இருக்கும்" என்று செண்பகமும் சொல்லிவிட்டாள்.

வைகாசி 12

எழினி கோயம்புத்தூரிலிருந்து விடுப்பில் வந்துவிட்டாள். என் ஒரே மகள். அவள் வேலைக்கென்று அங்கே போன அந்த வருடம்தான் முதல் பாகம் வெளிவந்தது. அங்கே உடன் வேலை பார்க்கும் நவநீதன் என்ற கோபிசெட்டிபாளையத்துப் பையனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறாள். போன வருடம் போனில் அவன் படத்தைக் காட்டினாள். உயரம். கண்ணாடி. லேசாகக் கூன். நான் எதிர்க்கவில்லை. எதிர்த்தேன் என்று யாராவது சொன்னால் வரலாற்று ஆசிரியர்கள் நம்ப வேண்டாம். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை, அது வயிற்றுக் கோளாறு. அந்த வாரத்தில் இரண்டாம் பாகம் நல்ல வேகத்தில் ஓடியது.

இன்று எழினி என் அறைச் சுவரில் இருக்கும் வெண்கோட்டு வரைபடத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"அப்பா, இதுல வெளிய போவப் பாதையே இல்லியே."

"வெண்கோட்டுக்கு வெளிய எதுவும் கிடையாது."

"புலம்னு ஒண்ணு இருந்தா அதுக்கு வண்டிப்பாதை இருக்கணும்னு ஆபீசுல எல்லார்ட்டயும் சண்டை போடுவியளே."

"அது அரசாங்கத்து நிலம். இது என் நிலம்."

அவள் என் பென்சிலை எடுத்துக் கொஞ்ச நேரம் விரலில் உருட்டிவிட்டு இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

இந்தக் கதை தொடங்கியதே அவளுக்குச் சோறு ஊட்டத்தான். யாளி வருது, வாயைத் திற என்பேன். ஒரு கவளத்துக்கு ஓர் ஊர். இதை வரலாற்று ஆசிரியர்கள் விட்டுவிடலாம். பேட்டி எடுக்க யாராவது வந்தால் சொல்வதற்கு வேறு நல்ல காரணங்கள் வைத்திருக்கிறேன்.

வைகாசி 21

தாம்பூலப் பைகள் நிரப்பியாகிவிட்டன. உள்ளே புத்தகம் இருப்பதை எழினியிடம் சொல்லவில்லை, மண்டபத்தில் பார்த்து அசரட்டும். வீட்டில் நடக்க இடம் இருக்கிறது. ஒரு மாதிரியாக இருக்கிறது.

வைகாசி 26

கல்யாணம் நேற்று நடந்தது. தாலி கட்டும்வரை எல்லாம் நன்றாகவே நடந்தது.

அதன்பிறகு பந்திக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் இலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் தாம்பூலப் பையை முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொண்டு உள்ளே கையை விட்டிருக்கிறார். தேங்காய்க்குப் பதில் இலக்கியம் கையில் சிக்கியிருக்கிறது. இவ்வளவு வருடத்தில் என் புத்தகத்தை ஒருவர் தானாகத் திறந்ததை நேற்றுதான் பார்த்தேன். புல்லரித்தது. மனிதருக்கு வெண்கலக் குரல். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று வாய்விட்டே படித்தார்.

"கண்ணாடி அணிந்த அந்த நெடிய இளவரசன், லேசான கூனுடன் மணமேடையில் வந்து அமர்ந்தான். மேளம் முழங்கியது. முகிலரசி தலை குனிந்திருந்தாள். அப்போது மேடைத் தூணில் இருந்த யாளி வாயைத் திறந்து, அவனை மாலையோடு விழுங்கியது."

மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பி மேடையைப் பார்த்தார்கள். மேடையில் நவநீதன், மாலையும் கண்ணாடியுமாக, லேசான கூனுடன் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தான். மண்டபக்காரர்கள் வேறு மேடையின் இரண்டு பக்கமும் தெர்மாகோலில் யாளித் தூண் வைத்திருந்தார்கள். அதற்கு நான் பொறுப்பல்ல.

நான் ஓடிப்போய், "அது ஒரு குறியீடு" என்றேன்.

"குறியீடுங்களா?" என்றார் தாய்மாமன். "கண்ணாடி வரைக்கும் போட்டிருக்கறீங்களேங்க."

மாப்பிள்ளையின் அம்மா துளசிமணி அம்மாள் பக்கத்தில்தான் இருந்தார். "நல்ல நாள் அதுவுமா" என்று மட்டும் சொன்னார். அப்புறம் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அவர் அதுவரை சாப்பிடவே இல்லை.

செண்பகம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத என்னிடம் தமிழ் இல்லை.

கண்ணாடி அணிந்த இளவரசன் தமிழுக்குப் புதுமை. இதை ஒருவராவது கவனித்துப் பாராட்டியிருக்கலாம்.

வைகாசி 27

மண்டபத்தைக் காலி செய்யப் போனோம். பலபேர் தேங்காயை எடுத்துக்கொண்டு புத்தகத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பொறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். செண்பகத்துக்கு மறுபடி உட்கார இடம் கிடைத்துவிட்டது. மகள்தான் இல்லை.

ஆனி 4

எழினி கோபியிலிருந்து பேசினாள். கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. குரல் சாதாரணமாக இருந்தது, விஷயம்தான் இல்லை.

"அப்பா, அத்தைக்கு அந்தப் புத்தகத்தை நினைச்சு மனசு சங்கடமா இருக்காம். அபசகுனமா எழுத்துல நின்னுபோச்சேங்கிறாங்க."

"அதுக்கு என்ன செய்யணுங்கிறாங்க?"

"அவன் உசிரோட வெளிய வரணுமாம். மூணாம் பாகத்துல. நீங்க எழுதி அனுப்பினாத்தான் தலையாடிக்கு என்னை அனுப்புவாங்களாம்."

கல்யாணமான பெண்ணை முதல் ஆடிக்குப் பெற்றவர்கள் போய் அழைத்துவருவது, மாப்பிள்ளைக்குத் தேங்காய்ப்பாலில் ஆடிப்பால் காய்ச்சிக் கொடுப்பது, பெண் அந்த மாதம் முழுக்கப் பிறந்த வீட்டில் இருப்பது. இதுதான் தலையாடி. செண்பகம் இப்போதே தேங்காய் பார்த்து வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

சென்னைப் பதிப்பாளருக்குக் காற்புள்ளியைக் கொடுக்காதவன் நான். இப்போது கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு சம்பந்தியம்மாள் முழுசாக ஒரு ஆளைக் கேட்கிறார்.

ஆனி 5

முடியாது என்று சொல்லிவிட்டேன். படைப்புச் சுதந்திரம்.

ஆனி 6

செண்பகம் பேசவில்லை. ரசத்தில் உப்பு இல்லை. கேட்டதற்கு, "அது என் சுதந்திரம்" என்றாள்.

ஆனி 8

"பிள்ளை வீட்டுக்கு வாரதுக்கு ரெண்டு பக்கம் எழுதினா கை ஒடிஞ்சா போயிரும்?" என்று காலையில் கேட்டாள்.

"ரெண்டு பக்கம் இல்ல செண்பகம். ஒரு சாவோட அர்த்தமே மாறிப்போவும்."

"மாறட்டும்" என்றாள். "அவன் செத்ததுல அப்படி என்ன அர்த்தம் வச்சிருக்கிய?"

குளிக்கப் போய்விட்டேன்.

ஆனி 9

எழுத உட்கார்ந்தேன். முழுசாக விழுங்கப்பட்ட ஒருவனை நாகரிகமாக வெளியே கொண்டுவருவது எப்படி? வயிற்றைக் கிழிக்கலாம், ஆனால் யாளி வெண்கோட்டின் காவல் விலங்கு, கொன்றால் நாடு அழியும். மந்திரம் போடலாம், ஆனால் மந்திரத்தால் பிழைக்கிற கதை எழுதுகிறவர்களைப் பார்த்துப் பல வருடம் சிரித்திருக்கிறேன். மூன்றாவது வழி எனக்குப் பிடிக்கவில்லை.

அலுவலகத்தில் ஒரு வரப்புத் தகராறுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தபோது விடை வந்தது. கண்ணாடி. யாளி கல்லையும் செரிக்கும், ஆனால் மூக்குக் கண்ணாடி அதற்குப் பழக்கமில்லை. தொண்டையில் மாட்டிக்கொண்டது. இத்தனை நாளும் அவன் தொண்டையிலேயேதான் இருக்கிறான். யாளியால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

இதை எழுதிவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். வெயிலாக இருக்கலாம்.

ஆனி 12

யாளி துப்பிவிட்டது. அத்தியாயத்தை எழினிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அத்தைக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். நிறுத்தி நிறுத்திப் படிக்க வேண்டும், காற்புள்ளிகள் காரணமாகத்தான் இருக்கின்றன என்று தனியாக ஒரு செய்தியும் அனுப்பினேன்.

ஆனி 14

பதில் வந்துவிட்டது. நன்றி என்று வரும் என நினைத்தேன். விமர்சனம் வந்திருக்கிறது.

"அத்தைக்குக் கண்ணாடி விஷயம் பிடிச்சிருக்காம்" என்றாள் எழினி. "ஆனா அவன் வெளிய வந்த பிறகு முகிலரசி ஒரு வார்த்தைகூடப் பேசலியேங்கிறாங்க. ரெண்டு பாகத்துலயும் அவ பேசினதையெல்லாம் எண்ணிப் பாத்தாங்களாம். 'வந்தேன் தந்தையே'ங்கிறதைத் தவிர வேற ஒண்ணுமே அவ சொல்லலியாம்."

நான் சிரித்தேன். இளவரசியின் மௌனத்தில் ஓர் ஆழம் இருக்கிறது என்றேன். போனை வைத்துவிட்டு இரண்டு பாகங்களையும் புரட்டினேன். இரண்டாம் பாகத்தில் ஓர் இடத்தில் 'இதோ வந்தேன் தந்தையே' என்று இருக்கிறது. அந்த 'இதோ'வை அவர் கவனிக்கவில்லை.

ஆனி 15

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு பாகத்தையும் ஒரு வாசகர் முழுக்கப் படித்திருக்கிறார். வரி வரியாக. கோபியில். ஒரு சம்பந்தியம்மாள். அந்த அம்மாளைப் பற்றி இந்த டைரியில் அவசரப்பட்டு ஏதாவது எழுதியிருந்தால் வரலாற்று ஆசிரியர்கள் அதை அடித்துவிடவும்.

ஆனி 19

முகிலரசி பேச ஆரம்பித்துவிட்டாள். நிறுத்த முடியவில்லை. "நான் பேசும்போது எல்லோரும் ஏன் யாளியையே பார்க்கிறீர்கள்?" என்று சபையில் கேட்டுவிட்டாள். இதை எழுதும்போது எனக்கே திடுக்கென்றது. இவளுக்கு இவ்வளவு வாய் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சின்ன வயதில் எழினிக்கும் இதே வாய்தான், ஆனால் அது வேறு விஷயம்.

விடிந்ததும் உட்கார்ந்தால் குளிக்க நேரம் போதவில்லை. இப்படி ஓடி ஒரு வருடம் ஆகிறது.

ஆனி 22

சம்பந்தியம்மாள் சொன்னதாக எழினி சொன்னது: "பேசறது நல்லா இருக்காம். யாளிக்குப் பசி ஏன் அடங்கலங்கிறதுக்கு மட்டும் காரணம் சொல்லலியாம்."

இதைவிட நல்ல கேள்வியை எந்தப் பதிப்பாசிரியர் கேட்டிருப்பார்? பகலெல்லாம் யோசித்தேன். தேநீர் இடைவேளையில் இரண்டு டீ குடித்தேன். விடை வரவில்லை. துளசிமணி அம்மாளுக்கு நேரிலேயே நன்றி சொல்ல வேண்டும்.

ஆனி 25

இன்று அடுத்த கோரிக்கை வந்தது.

"அப்பா, அத்தை கேக்கறாங்க. கல்யாணம் ஆகிட்டு முகிலரசி அவன் ஊருக்குப் போகணும்லங்க? வரைபடத்துல வண்டிப்பாதையே இல்லியே, எப்படிப் போவாங்கிறாங்க. பாதை இல்லாத புலத்தை வரையவே கூடாதாமே."

மகளின் பேச்சில் 'ங்க' ஏறிவிட்டது. அதுதான் முதலில் காதில் விழுந்தது.

கோபியில் இருக்கும் ஓர் அம்மாளுக்கு நில அளவைச் சமாச்சாரம் இவ்வளவு தெரிந்திருப்பது ஆச்சரியம்தான். தோட்டம் துரவு உள்ள குடும்பம், தெரிந்திருக்கும்.

ஆனால் இதற்கு மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. ஆள் கேட்டார்கள், கொடுத்தேன். பேச்சு கேட்டார்கள், கொடுத்தேன். வெண்கோட்டுக்கு வெளியே உலகமே இல்லை. நான் படைக்கவில்லை. அவன் வேண்டுமானால் வெண்கோட்டிலேயே இருக்கட்டும். புல எண் கொடுத்து நல்ல நஞ்சை நிலமாக ஒதுக்கித் தருகிறேன்.

ஆனி 26

எழுதவில்லை.

ஆனி 27

எழுதவில்லை. பஞ்சாயத்து வேலையாகப் பேட்டைக்குப் போனேன். ஓர் ஆள் அண்ணன்காரனுடைய வயலுக்குப் போகிற பாதையை மறித்து முள்வேலி போட்டிருந்தார். வரைபடத்தைக் காட்டி, "ஒரு நிலத்தை இப்படி அடைச்சு வச்சா அதுல என்ன விளையும்?" என்று நடு வயலில் நின்று கத்தினேன். வேலியைப் பிடுங்க வைத்துவிட்டுத்தான் வந்தேன். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் எனக்கு முகம் சரியில்லை.

ஆனி 28

செண்பகம் தைத்துக்கொண்டே பேசினாள். தலை நிமிரவில்லை.

"பாதை போட்டா போயிருவான்னுதான பயம்?"

"யாரு?"

"உங்க இளவரசிதான்."

"அப்படியெல்லாம் இல்ல."

"அவ போயாச்சுங்க" என்றாள். "நீங்க பாதை போடாம இருக்கதுனால வரத்தான் முடியல."

மெஷின் ஓடிக்கொண்டேயிருந்தது. நான் என் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். எனக்கு என் மகள் இல்லாமல் இந்த வீடு பிடிக்கவில்லை. இந்த ஒரு வரியில் எந்த அலங்காரமும் இல்லை, வரலாற்று ஆசிரியர்கள் மன்னிக்கவும்.

ஆனி 31

பாதை போடாமலேயே ஆடிச்சீரோடு கோபிக்குப் போனோம். தட்டுகளோடு மூன்றாம் பாகத்தில் எழுதிய அத்தியாயங்களையும் அச்செடுத்து, மஞ்சள் தடவி எடுத்துப் போனேன். பாதையைப் பற்றி நேரிலேயே பேசிப் புரியவைத்துவிடலாம், இவ்வளவு நுட்பமான வாசகருக்குப் புரியாமலா போகும் என்று வழியெல்லாம் செண்பகத்திடம் சொல்லிக்கொண்டு போனேன். செண்பகம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

துளசிமணி அம்மாள் வாசலுக்கே வந்து கூப்பிட்டார். "வாங்க சம்பந்தி, வாங்க. ஏனுங்க, வெயில்ல வந்திருக்கறீங்க, மோர் குடிக்கறீங்களா?"

உட்கார்ந்தேன். மோர் குடித்தேன். தொண்டையைச் சரி செய்துகொண்டேன். "அத்தியாயங்கள் பிடிச்சிருந்ததாம்மா?" என்று கேட்டேன்.

"எந்த அத்தியாயங்க?"

"முகிலரசி பேசினது. அவன் வெளிய வந்தது."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், செண்பகத்தைப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தப்பா நெனச்சுக்காதீங்க சம்பந்தி. அன்னிக்கு எங்கண்ணன் மண்டபத்துல படிச்சாரே, அதோட சரிங்க. எனக்கு எழுத்துக்கூட்டி ஒரு பக்கம் முடிக்கறதுக்குள்ள தூக்கம் வந்துருதுங்க" என்றார்.

"அதுல உங்களுக்குச் சங்கடமாயிருந்ததுன்னு..."

"அன்னிக்கு ஒரு கணம் திக்குனுதானுங்க இருந்துச்சு. அதையே நெனச்சுட்டா இருப்பாங்க? அதுக்காகப் புள்ளயத் தலையாடிக்கு அனுப்பாம இருப்பனுங்களா? என்ன கேக்கறீங்க நீங்க?"

சமையலறை வாசலில் எழினி டம்ளர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது சிவந்திருந்தது. சின்ன வயதில் சோற்றை வாயில் அடக்கிக்கொண்டு விழுங்கிவிட்டேன் என்று பொய் சொல்வாளே, அதே காது.

எனக்குப் புரிந்துவிட்டது. நான் ஒன்றும் அவ்வளவு மந்தமில்லை. வண்டிப்பாதை கேட்ட அன்றே ஓரளவுக்குப் புரிந்தது என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை, அதனால் சொல்லவில்லை.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். "சும்மா கேட்டேன். மோர் நல்லாயிருந்தது."

ஈரோட்டில் ரயில் ஏறினோம். மாப்பிள்ளை ஆடி முதல் தேதிக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். செண்பகம் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதாகப் பாவனை செய்தாள். கரூர் தாண்டிய பிறகு எழினி கேட்டாள்.

"கோவமாப்பா?"

"பதிப்பாசிரியை ரொம்பக் கறாரு" என்றேன்.

"நானா நேர வந்து சொல்லியிருந்தா மாத்தியிருப்பியளா?"

யோசித்துப் பார்த்தேன். "மாட்டேன்."

"அதான். சம்பந்தி வீடுன்னாத்தான் பயப்படுவீங்க."

தண்ணீர் பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"ரெண்டாம் பாகம் கோயம்புத்தூருக்குத் தபால்ல வந்த அன்னிக்கே படிச்சேன்" என்றாள். "கண்ணாடியைப் பாத்ததுமே யாருன்னு தெரிஞ்சுபோச்சு. ரூம்ல உக்காந்து அழுதேன். அப்புறம் ஒரு வருசமா பாத்துக்கிட்டு இருக்கேன், நீங்களா துப்புவிய துப்புவியன்னு. நீங்க எழுதறதையே நிறுத்திட்டிய."

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"அவருதான் முதல்ல படிச்சாரு."

"என்ன சொன்னாரு?"

"முழுசா விழுங்கிட்டாரு, மெல்லலியே, அப்ப நம்பிக்கை இருக்குன்னாரு."

செண்பகத்தின் தோள் குலுங்கியது. தூக்கத்தில் சிரிக்கிற பழக்கம் அவளுக்கு இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

ஆடி 1

நவநீதன் வந்தான். ஆடிப்பால் மூன்று டம்ளர் குடித்தான். கூனாமல் நேராக உட்கார முயற்சி செய்துகொண்டிருந்தான், பார்க்கப் பாவமாக இருந்தது. "சாதாரணமா உக்காருங்க மாப்பிள்ளை, இந்த வீட்டுல தூணு கிடையாது" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தான். நல்ல பையன். இதைக் கட்டாயத்தின்பேரில் எழுதவில்லை.

ஆடி 11

எழினி இந்த மாதம் இங்கிருந்தே வேலை செய்கிறாள். காலையில் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து கையெழுத்துப் பிரதியைப் படிக்கிறாள். எதையும் மறைக்காமல் சொல்கிறாள். இன்று ஒரே பக்கத்தில் நிறையக் காற்புள்ளிகளை எடுத்துவிட்டாள். சண்டை போட்டேன். அப்புறம் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். போனவை போகட்டும்.

ஆடி 18

துளசிமணி அம்மாளிடமிருந்து நிஜமான முதல் விமர்சனம் வந்தது. நான் விட்டுவந்த அத்தியாயங்களை அவர் அண்ணன் வெண்கலக் குரலில் படித்துக் காட்டினாராம். "எல்லாஞ் சரிங்க சம்பந்தி. ராசா ஊட்டுக் கல்யாணம்ங்கறீங்க, பந்தியே போடலியேங்க?" என்று போனில் கேட்டார்.

இரண்டு பாகம், ஒரு கல்யாணம், ஒரு யாளி. வெண்கோட்டில் யாளியைத் தவிர யாருமே இதுவரை சாப்பிடவில்லை. அதற்குப் பசி அடங்காததன் காரணமும் இப்போதுதான் தெரிகிறது. அதற்கு யாரும் இலை போட்டு உட்காரச் சொன்னதில்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஆவணி 2

எழினியை ரயிலேற்றிவிட்டு வந்தோம். செண்பகம் வந்ததும் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். ஊசியில் நூல் இல்லாமலேயே கொஞ்ச நேரம் மிதித்தாள். நான் பார்த்தும் சொல்லவில்லை.

என் அறைக்கு வந்து சுவரிலிருந்து வெண்கோட்டு வரைபடத்தைக் கழற்றி மேசையில் விரித்தேன். அரண்மனை வாசலிலிருந்து வண்டிப்பாதை போட்டேன். இலாகாவில் போடுவது மாதிரியே, விட்டு விட்டு இரண்டு இணைகோடு. வயல்களைத் தாண்டி, யாளியின் குகைக்குப் பக்கவாட்டில், மலையைச் சுற்றி எல்லைக் கல்வரை வந்தது. அங்கே நின்று கொஞ்ச நேரம் யோசித்தேன். அப்புறம் எல்லையைத் தாண்டியும் போட்டேன். பென்சிலில் போடவில்லை, மையில் போட்டேன்.

காகிதம் முடிந்துவிட்டது. இன்னொரு தாளைப் பசை தடவி ஒட்டிப் பாதையை அதில் கொஞ்ச தூரம் இழுத்துவிட்டேன். அந்தத் தாள் முழுக்க வெறுமையாக இருக்கிறது. அங்கே ஆறு எங்கே ஓடுகிறது, ஊர் எங்கே இருக்கிறது, கிணற்றடி எந்தப் பக்கம், எதுவும் எனக்குத் தெரியாது.

அவள் போய்ச் சேர்ந்ததும் போன் செய்து கேட்க வேண்டும்.